சுவரைக் கண்டு பயமில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வீட்டை விசாலமாக்க 5 வழிகள் சொல்லியிருந்தீர்கள். அதில் மூன்றாவது வழி: "சுவரை இடிக்கத் தயங்காதீர்கள், பாரத்தைத் தாங்குவது தூண்கள்தான்." எழுதியவர் உள் அலங்கார நிபுணராம். நான் நிபுணர் இல்லை. 34 வருடம் சைட்டில் வெயிலில் நின்ற சூப்பர்வைசர், அவ்வளவுதான்.

படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே கீழ்வீட்டுப் பையன் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்துவிட்டான். "அங்கிள், சுவரை இடிக்கலாம்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க. நீங்க மட்டும்தான் வேண்டாம்னு சொல்றீங்க."

எங்கள் குடியிருப்பில் தூணே கிடையாது. 1970களில் கட்டியது, முழுக்க 9 இஞ்ச் செங்கல் சுவர். மாடிகள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுவர்மேல் உட்கார்ந்திருக்கின்றன, சுவர் கடைக்கால்மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நிபுணர் வந்து ஒரு தூணைக் காட்டட்டும், காபி கொடுத்து அனுப்புகிறேன்.

அந்தப் பையனுக்கு முன் அதே வீட்டில் இருந்தவர் 2009-இல் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்தார். நான் அப்போது ஊரில் இல்லை. பூஜை அறைக் கதவு சாத்த வரவில்லை என்று என் மனைவிதான் முதலில் கவனித்தாள். மழைக்கு ஊறிவிட்டது போல என்று நினைத்து, இழைத்துவிட ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஏறியிருந்த விரிசலைக் காட்டினார். நான் வந்து பார்த்தபோது விரல் நகம் உள்ளே போனது. அன்று ராத்திரியே கீழே சவுக்குக் கட்டையும் ஜாக்கியும் வைத்து முட்டுக் கொடுத்தோம். பிறகு இரும்பு உத்திரம் (ஐ-பீம்) வைத்ததும், அதற்கு யார் பணம் கொடுப்பது என்று சங்கத்தில் நடந்த சண்டையும் தனிக்கதை. விரிசலைப் பூசிவிட்டோம். கதவு இன்றைக்கும் சரியாகச் சாத்தாது.

சரி, பழைய கட்டடத்தை விடுங்கள். இப்போது வரும் மைவான் அடுக்குமாடிகளில் அலுமினியப் பலகை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட் ஊற்றுகிறார்கள். அங்கே சுவர்தான் தூண். காற்றோ நிலநடுக்கமோ பக்கவாட்டில் தள்ளினால் கட்டடத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் அந்தச் சுவர்தான். தள்ளிய வேகம் சுவர் வழியாகவே அடியில் இறங்கி, ஒரு பக்கத்துப் பைலை (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கான்கிரீட் காலை) அமுக்கப் பார்க்கும், எதிர்ப்பக்கத்துப் பைலைப் பிடுங்கப் பார்க்கும். ஏசி குழாய்க்கு ஓட்டை போடவே யோசிக்க வேண்டிய சுவர் அது. அதில் போய் வாசல் வெட்டச் சொல்கிறீர்கள்.

சென்னையை 2002-இல் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் (நடுத்தர அபாயம்) சேர்த்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 2001 குடியரசு தினத்தன்று பூஜ் பக்கம் பூமி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்ததை நீங்களே பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்மேல் நின்றவை. தூண் போதுமென்றால் அவை ஏன் சரிந்தன?

பைல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மெட்ரோ வேலைக்கு நின்ற பைல் ரிக்கை, அதாவது பைலுக்குக் குழி துளைக்கும் இயந்திரத்தை, படம் எடுத்துப் போட்டு, "ஆழ்துளைக் கிணறு தோண்டும் பணி" என்று எழுதினீர்கள். சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் வீட்டுமனைப் பக்கத்தில் "80 அடி பைல், இனி மண்ணைப் பற்றிக் கவலையில்லை" என்று வந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. அது விளம்பரமா செய்தியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குழியின் அடியில் தங்கும் சேற்றைக் கழுவி எடுக்காமல் கான்கிரீட் இறக்கினால், 80 அடி போனாலும் பைல் மெத்தைமேல்தான் நிற்கும். பள்ளிக்கரணைப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் ராத்திரி ஷிப்ட் அவசரத்தில் அப்படித்தான் ஆனது. ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றிச் சோதித்தபோது பைல் இறங்கிக்கொண்டே போனது, பக்கத்தில் இன்னும் 2 பைல் போட வேண்டியதாயிற்று. சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிய இடமென்றால் இன்னும் மோசம். கொட்டிய மண் அமுங்கும்போது பைலையும் கீழே இழுக்கும்.

இதையெல்லாம் ஒருமுறை எழுதி அனுப்பியவன்தான் நான். 2014 ஜூன் 28-இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்த அடுத்த வாரம். இடப் பற்றாக்குறை என்று பதில் வந்தது. அந்த வாரம் வாஸ்து பக்கம் மட்டும் முழுசாக வந்திருந்தது. பக்கத்தில் மிஞ்சியிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தபோது கலர் படத்துக்கும் இடம் கிடைத்தது. பரவாயில்லை, பெரிய பத்திரிகைக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும்.

நான் கேட்பது இரண்டே வரி. எந்தச் சுவரையும் இடிக்கும் முன் கட்டட வரைபடத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள் என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். 5 வழியை 4 ஆக்கினாலும் சம்மதம். கீழ்வீட்டுப் பையன் வியாழக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருந்தான். கெஞ்சிக் கேட்டதில் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறான். பேப்பரில் வந்தால்தான் நம்புவானாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கே.கே. நகர், சென்னை-78