வாட்ஸைப் பார்த்து வால்வு ஆம்ப் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிட்டார் ஆம்ப் வாங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில், வால்வு ஆம்ப் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளால் ஒலியைப் பெருக்குவது) என்றால் கைக்கு எட்டும் விலையில் அதிக வாட்ஸ் உள்ளதை எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மேடைக்கு ஸ்பீக்கர் எடுப்பவருக்கு அது சரி. கிளீன் (தெளிந்த ஒலி), டிஸ்டார்ஷன் (உடைந்து கரகரக்கும் ஒலி) இரண்டையும் ஒரே ஆம்பில் தேடுகிற கிட்டார்காரருக்கு அந்த யோசனையால் பணமும் வீண், ஒலியும் வீண். ஆம்ப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

வால்வு ஆம்பில் வாட்ஸ் என்பது, கிளீன் ஒலி எவ்வளவு சத்தம் வரை உடையாமல் நிற்கும் என்பதற்கான அளவு. 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் 85 வாட்ஸ். நான்கு 6எல்6 ரக வால்வு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், எடை கிட்டத்தட்ட 29 கிலோ. டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தாலும் அதன் கிளீன் கலங்காது. ஆனால் ஸ்பீக்கரை இயக்கும் அதன் பவர் வால்வுகள் தாமாக உடைந்து டிஸ்டார்ஷன் தர வேண்டுமென்றால், ஒரு கல்யாண மண்டபமே தாங்காத சத்தத்தில் திருப்ப வேண்டும். அதே குடும்பத்தின் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட்ஸ். இரண்டு 6வி6, ஒரே ஸ்பீக்கர். வால்யூம் 3 வரை மணிபோல் கிளீன். 4, 5-ஐத் தாண்டும்போது ஓரங்கள் கரகரக்கத் தொடங்கும். வீட்டிலும் சிறு அரங்கிலும் வாசிப்பவருக்கு ட்வினைவிட இதுவே உதவும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நான் வாசிக்கும் இடத்தின் சத்தத்தில் இந்த ஆம்பின் கிளீன் எங்கே முடிகிறது என்பதுதான்.

டிஸ்டார்ஷன் இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று, கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்; அங்கே இருப்பவை பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 என்கிற சிறு வால்வுகள். இன்னொன்று, பவர் வால்வுகள் உள்ள பவர் ஆம்ப். ப்ரீஆம்பில் ஒரு கட்டத்தின் வெளியீட்டை அடுத்த கட்டத்துக்கு, அதை அதற்கடுத்ததற்கு என்று தொடர்ச்சியாகக் கொடுத்தால், குறைந்த சத்தத்திலேயே அடர்ந்த, நீண்டு ஒலிக்கும் டிஸ்டார்ஷன் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் 1970-களின் தொடக்கத்தில் மெசா பூகி ஆம்பில் செய்தது இதைத்தான். பவர் வால்வு உடையும்போது வரும் ஒலி வேறு விதம். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப அது மாறும்; மெல்ல மீட்டினால் தெளியும், ஓங்கி அடித்தால் உறுமும். ப்ளூஸ், பழைய ராக் வாசிப்பவர்கள் விரும்புவது இதை. மெட்டல் ரிஃப் வாசிப்பவருக்கு ப்ரீஆம்ப் டிஸ்டார்ஷனே வேண்டும்; பவர் ஆம்ப் இறுக்கமாகவும் கிளீனாகவும் இருந்தால்தான் கீழ் நரம்புகள் குழையாமல் கேட்கும். அப்படிப்பட்டவர் 50 வாட்ஸ் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

ஒரு சிறு வால்வு எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு மார்ஷலின் முதல் ஆம்பே சான்று. 1962-63-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் பாஸ்மேனில் முதல் வால்வு 12ஏஒய்7. அதன் பெருக்கம் (சிக்னலை எத்தனை மடங்காக்கும் என்பதற்கான எண்) சுமார் 44. மார்ஷலில் அந்த இடத்துக்கு வந்தது ஈசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7, பெருக்கம் 100. கூடவே திறந்த பெட்டிக்குப் பதிலாக மூடிய பெட்டி, செலஸ்டியன் ஸ்பீக்கர். ஒலி முன்னதாகவே உடைந்தது, நடு அலைகள் முன்னுக்கு வந்தன. இதையே தலைகீழாகச் செய்தும் பயன் பெறலாம். உங்கள் ஆம்பின் கிளீன் சீக்கிரம் உடைகிறதென்றால், முதல் 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு அங்கே 5751 வால்வைப் போடுங்கள். பெருக்கம் 70, ஊசிகள் அதே வரிசை. புதிய ஆம்ப் வாங்க நினைத்தவர்கள் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

ஒரே ஆம்பில் இரண்டும் வேண்டுமானால் நடைமுறையில் உள்ள வழிகள் இவை. முதலாவது, நல்ல கிளீன் உள்ள ஆம்ப், டிஸ்டார்ஷனுக்குப் பெடல். டீலக்ஸ் ரிவெர்ப் போன்றவை இதற்கென்றே பிறந்தவை போலப் பெடலை ஏற்கும். அவற்றில் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே பெடலைச் செருகும் துளைகள்) கிடையாது. ஆனால் டிஸ்டார்ஷன் பெடலிலிருந்தே வருவதால், எதிரொலி தரும் டிலே பெடலை அதற்குப் பின்னால் வைத்தால் குறை எதுவும் வராது. இரண்டாவது, கிளீனுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் தனித்தனிச் சேனல் உள்ள இரட்டைச் சேனல் ஆம்ப். மார்ஷல் டிஎஸ்எல்20 ஓர் உதாரணம். இரண்டு ஈஎல்34, 20 வாட்ஸ், பாதியாகக் குறைக்கும் வசதியும் உண்டு. காலால் மிதித்துச் சேனலை மாற்றலாம். இதில் ஒரு சங்கடம்: பாஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள் இரு சேனலுக்கும் பொது. டிஸ்டார்ஷனுக்காக பாஸைக் குறைத்தால் கிளீன் மெலிந்துவிடும். வாங்குமுன் கடையில் இதைக் கட்டாயம் சோதியுங்கள். டிஸ்டார்ஷன் ஆம்புக்குள் பிறப்பதால் இந்த வகையில் எஃபெக்ட்ஸ் லூப் தேவை. இல்லையென்றால் டிலேயின் எதிரொலிகளும் சேர்ந்து உடைந்து ஒலி குழம்பும்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். வாக்ஸ் ஏசி15 போன்ற, இரண்டு ஈஎல்84 உள்ள 15 வாட்ஸ் ஆம்ப். உடையும் எல்லைக்குச் சற்று மேலே வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழால் ஆளுங்கள். குமிழ் 10-இல் கரகரப்பு, 6-இல் கிளீன். மிதிக்க எதுவுமில்லை. இதற்குக் கை பழக வேண்டும், ஆனால் பழகியபின் வேறு வழிக்கு மனம் போகாது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டார் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) உள்ளதைவிட முன்னதாக உடைக்கும் என்பதால், சொந்தக் கிட்டாரை எடுத்துப் போகாமல் எந்த ஆம்பையும் முடிவு செய்யாதீர்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எழும் சத்தம்) 98 டெசிபல், விண்டேஜ் 30-இன் உணர்திறன் 100 டெசிபல். ஸ்பீக்கரை மாற்றுவதாலேயே 2 டெசிபல் கூடுகிறது. வாட்ஸைக் கூட்டி இதைப் பெற வேண்டுமானால் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். பெட்டி பின்புறம் திறந்திருந்தால் ஒலி அறையெங்கும் பரவும், கிளீனுக்கு அழகு. மூடியிருந்தால் அடி ஒலி நெஞ்சில் குத்தும், டிஸ்டார்ஷனுக்குப் பலம். ஓம் கணக்கில் மட்டும் அசட்டை கூடாது. ஆம்பின் 8 ஓம் துளையில் 8 ஓம் ஸ்பீக்கரே மாட்ட வேண்டும். இரண்டு 16 ஓம் ஸ்பீக்கரை இணையாக இணைத்தால் 8 ஓம், இரண்டு 8 ஓமை இணைத்தால் 4 ஓம். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஒருபோதும் வாசிக்கக் கூடாது. சக்தி போக வழியில்லாமல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும். சாக்கெட்டில் பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் உட்சுற்று எரியும். இணைக்கும் ஒயரும் ஸ்பீக்கர் ஒயராக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளைச் செருகுவதால் சூடேறி ஷார்ட் ஆன ஆம்புகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன.

கடையில் சோதிக்கும்போது எல்லா டோன் குமிழையும் 5-இல் வையுங்கள். கெயினை (ப்ரீஆம்பின் பெருக்கத்தை) குறைத்து ஆறு நரம்பும் சேர்ந்த கார்டை மீட்டி, மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். உடையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கெயினை உயர்த்தி முழு மேஜர் கார்டை வாசியுங்கள். ஸ்வரங்கள் தனித்தனியே காதில் விழ வேண்டும். கடைசியாக, இரவில் வீட்டில் வாசிக்கும் அளவுக்கு மாஸ்டரை (ஆம்பின் மொத்தச் சத்தத்தை) குறையுங்கள். சில ஆம்புகளில் மாஸ்டர் குமிழ் 1-இல் மௌனமாக இருந்து, மயிரிழை நகர்த்தியதும் அலறும். அப்படிப்பட்டது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆகாது.

பழைய ஆம்ப் என்றால் கூடுதல் கவனம் தேவை. எல்லா வால்யூமும் பூஜ்யத்தில் இருந்தும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் ஃபில்டர் கபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று பொருள். அவற்றுக்கு 15, 20 ஆண்டுதான் ஆயுள். சிறு வால்வுகளைப் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கிணீரென்று ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். விளக்கை அணைத்துப் பவர் வால்வுகளைப் பாருங்கள். கண்ணாடிக்குள் நீல ஒளி தெரிந்தால் பயமில்லை. உள்ளே உள்ள தகடு சிவந்திருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், பயஸ் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) தவறியிருக்கிறது. வால்வின் உட்பக்க வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அது இனி உதவாது.

பவர் வால்வு மாற்றும்போது, ஃபிக்ஸட் பயஸ் (பயஸைத் தனியாக அமைக்கும்) ஆம்பாக இருந்தால் பயஸை மீண்டும் அமைக்க வேண்டும். தகட்டுக்கு 450 வோல்ட் வரும் ஆம்பில் ஈஎல்34-இன் உச்ச வரம்பு 25 வாட்ஸ். அதில் 70 சதவீதம் எடுத்துக்கொண்டால் ஒரு வால்வுக்கு சுமார் 39 மில்லிஆம்பியர். இதற்குக் குறைவாக இருந்தால் ஒலி வறண்டு சொரசொரக்கும். மிகுந்தால் வால்வு வெந்துபோகும். இதை வீட்டில் செய்யாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், அது ஆளைக் கொல்லும். ஏசி15 போன்ற, பயஸைத் தானே அமைத்துக்கொள்ளும் கேதோட் பயஸ் ஆம்புகளில் பொருத்தமான ஜோடியைச் செருகினால் போதும்.

மின்சாரமே நம் ஊரில் அதிக ஆம்புகளைப் பலிவாங்குகிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட், ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம். போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். ஆம்பின் முதுகில் எழுதியிருக்கும், அது இழுக்கும் மின்சாரத்தின் வாட்ஸைப் போல (ஒலி வாட்ஸ் அல்ல) இரு மடங்கு தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். முடி உலர்த்திக்கு விற்கும் எடையில்லாத கன்வெர்ட்டர் வேண்டாம். அது மின்னலையை வெட்டித்தான் அழுத்தத்தைக் குறைக்கிறது. எர்த் ஒயர் மூன்றாவது ஊசி வரை தொடர்ந்து போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மின்வெட்டின்போது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வாசிக்கவும் வேண்டாம். அதன் உச்ச மின்னழுத்தம் சைன் அலையைவிடக் குறைவு. ஆம்ப் சோர்ந்து, ரீங்காரமும் சேரும்.

கடைக்காரர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பழைய வால்வு ஆம்ப் விற்கும்போது அது எத்தனை வோல்ட்டுக்கானது, பவர் வால்வு எப்போது மாற்றப்பட்டது, ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆம்ப் பழுதுபார்க்கும் வாசகர்,
சென்னை.