அக்காவுக்கு, பச்சை சைக்கிள் விஷயமாக

அக்கா,

உன் பச்சை சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை விற்றுவிட்டேன். கேட்டுவிட்டு விற்றிருக்கலாம். ஆனால் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது நீயும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தி போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "உனக்குத் தெரியாதாடா?" என்று வேறு கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை சைக்கிள் பேஸ்மென்ட்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் துடைத்து வைப்பேன், செயினுக்கு எண்ணெய் விடுவேன். விற்க வேண்டும் என்று இவள் சொல்லும்போதெல்லாம், அக்கா வந்தால் ஓட்டுவாள் என்பேன். இனிமேல் அதைச் சொல்ல முடியாது இல்லையா?

வாங்கியது ஒரு காலேஜ் பெண். அக்டோபரில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை, நாம் இரண்டு பேரும் போன அதே சைக்கிள் பாதையில் போகப் போகிறாளாம். இந்த டயர் தாங்குமா என்று கேட்டாள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். கம்பர்லண்ட் வரைக்கும் 240 கிலோமீட்டர் பழைய ரயில் தடம், மேலே சுண்ணாம்புக்கல் பொடி, மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, எந்த டயரும் ஓடும். அதற்கப்புறம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் பழைய படகுக் கால்வாயின் கரை. அது வேறு சமாச்சாரம். வேரும் கல்லும், மழை பெய்தால் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும் சேறும். நாற்பது மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரில் போகாதே. டிசம்பருக்குத் தள்ளிப் போட்டுவிடாதே, வழியில் இருக்கிற பிக் சேவேஜ் சுரங்கப்பாதையைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டி வைத்துவிடுவார்கள். தண்ணீருக்குக் கவலை வேண்டாம், முகாம் இடங்களில் அடிபம்பு இருக்கும், அயோடின் வாசனை அடிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி.

பாதி வழியில்தான் உறைத்தது, நான் உன் வசனத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் கதையைக்கூட விடவில்லை. கால்வாயை ஒட்டி கார் ரோடு போடலாம் என்று பத்திரிகை தலையங்கம் எழுதியதும், அதை எழுதியவர்களை 'என்னோடு நடந்து பாருங்கள்' என்று அந்த நீதிபதி கூப்பிட்டதும், 1954-இல் கம்பர்லண்டிலிருந்து எட்டு நாள் நடந்ததும். அந்த மனுஷன் நடக்கவில்லை என்றால் இங்கே லாரிதான் ஓடும் என்பாய். 1971-இல் அது தேசியப் பூங்கா ஆனதையும் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். சைக்கிள் வாங்க வந்தவளுக்கு வேறு வழி ஏது.

நீ இப்படித்தான். ஒரு போர்டு விடமாட்டாய். நான் ஓஹையோபைலில் ஐஸ்கிரீமைத் தின்று முடித்து, கையைக் கழுவி, அடுத்த ஊரில் ரூம் இருக்கிறதா என்று பார்த்து முடிக்கும்போதும் நீ யாக்கியோகெனி ஆற்றங்கரையில் போர்டு படித்துக்கொண்டிருந்தாய். எரிச்சலாக இருக்கும். ஆனால் மறுநாள் ஏறும்போது நீ சொல்லிக்கொண்டே வந்ததில்தான், 2,392 அடி உயரத்துக்கு வந்துவிட்டோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் தெரியாது என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். உண்மையில் பாதிதான் அது.

கம்பர்லண்டில் நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. 1828 ஜூலை 4, ஒரே நாளில் கால்வாய்க்கும் பூஜை போட்டார்கள், பால்டிமோர் ரயிலுக்கும் பூஜை போட்டார்கள். ரயில் 1842-இல் கம்பர்லண்ட் வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850. எட்டு வருஷம் லேட்டாக வந்து, அப்புறமும் 1924 வரை கோவேறு கழுதையை வைத்துப் படகை இழுத்துக்கொண்டே இருந்தார்கள் பாருடா, என்ன வீம்பு என்றாய். உனக்கு அந்தக் கால்வாயை ரொம்பப் பிடித்திருந்தது.

சரி, கால்வாய் மலைக்குள் நுழைந்து போகிற பா பா சுரங்கத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு பக்கம் செங்கல் சுவர், மறு பக்கம் மரக் கைப்பிடி, அதற்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். நீளம் 3,118 அடி. உள்ளே நுழைந்ததுமே எதிர்ப்பக்கத்து வெளிச்சம் பொட்டு மாதிரி தெரிந்தது, அது பெரிதாகவே மாட்டேன் என்றது. என்னை முன்னால் நடக்கச் சொன்னாய். இருட்டென்றால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், உன் டார்ச் என் காலுக்கு முன்னால் விழ வேண்டும் என்பதற்காக. கைப்பிடியில் படகு இழுத்த கயிறு உரசிய தடத்தைத் தொட்டுப் பார் என்றாய். இரண்டு வருஷத்தில் முடியும் என்று 1836-இல் ஆரம்பித்து பதினான்கு வருஷம் இழுத்தது, நடுவில் காசில்லாமல் வேலையே நின்றது என்று சொல்லிக்கொண்டு வந்தாய்.

அப்புறம் அந்தப் படகுக்காரர்கள் கதை. உள்ளே ஒரு படகுதான் போக முடியும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்து, நீ பின்னால் போ, நீ போ என்று நாள்கணக்கில் நின்றார்களாம். கடைசியில் கம்பெனி ஆள் பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகை போட்டு விரட்டினானாம். நான் சிரித்தேன். என் சிரிப்பு முன்னாலும் பின்னாலும் போய்த் திரும்பி வந்தது. அது அடங்கியதும் நீ சொன்னாய்: "நான் ஊருக்குப் போறேன்டா. டிக்கெட் போட்டாச்சு."

நான் "சரி" என்றேன்.

அந்த "சரி"க்காக உனக்கு இன்றைக்கும் கோபம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் கேட்கிறேன், கேட்டாயிற்று என்றே வைத்துக்கொள். ஆனால் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? "போகலாமா" என்று நீ கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். டிக்கெட் போட்டாச்சு என்பவளிடம் என்ன பேசுவது? முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு எத்தனையோ இடம் இருந்தது. மையர்ஸ்டேலில் சாப்பிட உட்கார்ந்தோமே, அங்கே சொல்லியிருக்கலாம். நான் முன்னால், நீ பின்னால், டார்ச் என் காலடியில். அந்த இடத்தைப் பார்த்துத்தான் சொன்னாய். இப்போது யோசித்தால், பயணத்துக்குப் பெட்டி கட்டும்போதே நீ முடிவு செய்துவிட்டாய். நான் சும்மா சைக்கிள் விடப் போனேன், நீ என்னை வழியனுப்பக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபின் நீ சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கே எழுதவில்லை. இதைப் படிக்கிறவர்களில் நம் வீட்டு ஆட்கள் உண்டு. மகன் டாலரில் சம்பாதிக்கிறான், மகள் வந்து பார்த்துக்கொள்கிறாள் என்று பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வணக்கம். என் பக்கத்துக் காரணம் உனக்குத் தெரியும். அது போதும்.

லிட்டில் ஆர்லியன்ஸ் தாண்டி நான் தார்ப் பாதைக்கு மாறியது கோபத்தால் இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இடுப்பு வலி என்றேன். இடுப்பும் வலித்தது. அது பழைய வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் தடம், கால்வாயை ஒட்டியே போகும், வழுவழுவென்று இருக்கும். நீ வா என்று கூப்பிட்டும் வரவில்லை, சேற்றிலேயே போனாய். சில இடத்தில் நமக்கு நடுவே வெறும் கால்வாய்ப் பள்ளமும் கொஞ்சம் மரங்களும்தான். உன் பச்சை சைக்கிள் இலைகளுக்குள் மறைந்து மறைந்து தெரியும். மெதுவாக ஓட்டினால் நீ முன்னால் போய்விடுவாய், வேகமாக ஓட்டினால் உன்னைக் காணோம். அதனால் உன் வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தேன், ஹான்காக் வரைக்கும். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ பார்த்தாயோ என்னவோ.

அதற்கப்புறம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, மோனகசியின் ஏழு வளைவுப் பாலம், கிரேட் ஃபால்ஸ். எல்லாவற்றிலும் போட்டோ இருக்கிறது, எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

இன்னும் ஒன்று, சொல்லிவிடுகிறேன். அம்மாவை நீ பார்த்துக்கொள்வதற்கு நான் நன்றி சொல்லும்போதெல்லாம் நீ பேச்சை மாற்றுகிறாய். மாற்றாதே. அதேபோல, போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது செய்த மாதிரி, அவள் சரியான பிறகு என்னிடம் சொல்லாதே. பத்தாயிரம் மைல் தள்ளி இருப்பவனுக்கு முடிந்த செய்தியை மட்டும் கொடுத்தால் போதும் என்று யார் உனக்குச் சொன்னது? நான் வருவேனா மாட்டேனா என்பதை நான் முடிவு செய்கிறேன். முதலில் காய்ச்சல் என்று சொல்.

சைக்கிள் பணத்தை உன் கணக்கில் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. மூன்று இடங்களில் பெயின்ட் போயிருந்தது, பின் பிரேக் பேடு மாற்ற வேண்டியிருந்தது, பாவம் படிக்கிற பெண், கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்பாள், ஏமாந்துட்டான் என்பாள். நீயே பார்த்து ஒரு நல்ல விலையாகச் சொல்லிவிடு.