பிள்ளைகளின் வீட்டுக் கவிதைகளுக்கு நூலகத்தில் ஒரு மாலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் ஞாயிறுதோறும் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் ‘என் வீடு’ என்று தலைப்புக் கொடுத்துக் கவிதை எழுதச் சொன்னபோது, பாதிப் பேருக்கு மேல் இடிக்கப்பட்ட பழைய வீட்டையே எழுதியிருந்தார்கள்.

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, ஏழாம் மாடியில் வாசல் என்று ஒன்று இல்லாததால் அம்மா கோலமாவு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டதையும், மார்கழி பிறந்த அன்று அதை இறக்கித் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடியதையும் எழுதியிருந்தாள். இன்னொரு மாணவன், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த குடங்களின் வரிசையில் தன் வீட்டுக் குடத்துக்கு அடையாளமாகக் கட்டியிருந்த சிவப்பு நூலைப் பற்றி மட்டும் எட்டு வரி எழுதியிருந்தான். அதில் வந்த ‘பேஜாரு’ என்ற சொல்லை அவன் படிக்கும் பள்ளியில் அடித்துவிட்டுத் ‘துன்பம்’ என்று திருத்தினார்களாம். துன்பம் பிழையற்ற சொல்தான். ஆனால் லாரி வராத நாளில் அவன் தெருவில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இக்கவிதைகளை அவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. பறம்பு மலையை இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இருப்பது ஐந்தே அடிகள் (பாடல் 112). அதை இத்தனை நூற்றாண்டுகள் பொத்திக் காத்த நாம், அதே இழப்பை இன்று நம் பிள்ளைகள் எழுதும்போது ஒரு நாளுக்குள் தொலைய விடுவது எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கிறது.

சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரியும் சென்னைவாசிகள் செலுத்துகிறோம். அப்பணத்தில் நடக்கும் கிளை நூலகங்கள், குறிப்பாக மறுகுடியமர்வுப் பகுதிகளை ஒட்டியவை, மாதத்தில் ஒரு மாலை இப்பிள்ளைகள் தம் கவிதைகளைப் பெற்றோர் முன் வாசிக்க இடம் தந்து, கையெழுத்துப் படிகளைத் தைத்து அலமாரியில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் ஞாயிறு இணைப்பிலும், ஒரு சொல்லையும் மாற்றாமல், வாரம் ஒரு கவிதை வெளியிடலாம். தாங்கள் இசைந்தால், பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெற்று முதல் படிகளை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பள்ளிக்கரணை, சென்னை.