ஆறாம் வாரத்தோடு நோயாளியின் ஃபைலை மூடாதீர்கள்

டர்பன் தனியார் மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளுக்கு,

வணக்கம்.

வயிற்றின் தொங்கு தோலை வெட்டி, விலகிய தசையை இழுத்துத் தைக்கும் 'டம்மி டக்' முடிந்து ஆறு வாரமானதும், இனி வழக்கம்போல் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். காயம் மூடியிருக்கும், சரி. ஆனால் தழும்பு முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். தொல்லைகள் பலவும் அதற்குள்தான் தலைகாட்டும். அப்போது நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிப் பெண்கள் போய் நிற்பது குடும்ப மருத்துவரிடம். அவர் கையில் அறுவைக் குறிப்பு இருப்பதில்லை.

அதிகம் தவறவிடப்படுவது நீர்த்தேக்கம். தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்த இடத்தில் நீர் ஊறுகிறது. வடியும் நீர் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தபின் அதை வெளியேற்றும் டிரெயின் குழாயை எடுத்தாலும் மறுபடி சேரலாம். புரண்டு படுத்தால் உள்ளே ஏதோ குலுங்கும். ஒரு பக்கம் மட்டும் உப்பும். தொடக்கத்தில் ஊசியால் உறிஞ்சினால் போதும், சிலருக்குப் பல தடவை. வீக்கம் தானே வடியும் என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிட்டால், நீரைச் சுற்றி நார் உறை வளர்ந்துவிடும். பிறகு அந்த உறையையே வெட்டி எடுக்க நேரிடும். நீர் குலுங்காமல் கல்போல் கட்டியிருந்தால் அது செத்துப்போன கொழுப்பாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் யாரும் அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

தொப்புளுக்குக் கீழே மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். அங்கே சுடுநீர்ப் பை வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது என்பதை எத்தனை பேரிடம் சொல்கிறீர்கள்? தொடையின் வெளிப்புறம் எரிந்தால் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கருத்த தோலில் கீலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு, வரும் வாய்ப்பு அதிகம். காயம் முழுதும் மூடியதும் சிலிகான் ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரமாவது, மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஒட்டச் சொல்லுங்கள். தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்ந்தால் ஸ்டீராய்டு ஊசிக்கு உடனே அழையுங்கள். ஓராண்டு காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

இனி தைப்பூசம். நேர்த்திக்கடன் உள்ளவரா என்று அறுவைத் தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். ஆறு வாரம்வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவதே கூடாது. காவடியோ பால்குடமோ சுமந்து வெயிலில் நடப்பது அதைவிடப் பெரிய பாரம். தசைத் தையல் விட்டுப்போனால் வயிறு மறுபடி முன்தள்ளும். விரத நாட்களில் புரதம் குறைந்தால் காயம் ஆறுவதும் தாமதமாகும். பருப்பு, பயறு, தயிர் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். நம்மவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதச் சந்திப்புகளையும் நீர் உறிஞ்சும் செலவையும் முதல் விலைப்பட்டியலிலேயே சேருங்கள். அழகுக்கான அறுவைக்கு மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கைகொடுப்பதில்லை. என்ன செய்யப்பட்டது, கொழுப்பு உறிஞ்சப்பட்டதா, குழாய் எப்போது எடுக்கப்பட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதி நோயாளியிடமே கொடுங்கள். அதன் தலைப்பில் பெரிய எழுத்தில்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போகவும்.

இப்படிக்கு,
காயப் பராமரிப்புச் செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும்