ஒரே வாசலை நம்பி நெய்யாதே

திருபுவனம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்தப் பெரிய கடைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நீ குழம்பிக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். வருஷம் முழுவதும் நீ தைக்கிற பெண்கள் டி-ஷர்ட் எல்லாம் அவர்களுக்கு மட்டுமே, கழுத்தில் உன் பெயருக்குப் பதில் அவர்கள் பெயர், துணியும் இப்போது இருப்பதைவிட மெல்லியது. இதுதானே அவர்கள் கேட்பது? வேண்டாம் அம்மா. முன்பணத்தைப் பார்த்து மயங்காதே. முடிவெடுக்க வேண்டியவள் நீதான். ஆனாலும் என் காரணங்களைப் படித்துவிட்டு எடு.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் கோடாலி கருப்பூர் இருக்கிறதே, அந்த ஊர்ச் சேலையைப் பற்றி உன் தாத்தா சொல்லக் கேட்டிருப்பாய். மெல்லிய பருத்தியில் ஜரிகை வைத்து நெய்வார்கள். பிறகு சாயம் பிடிக்கக் கூடாத இடங்களில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவார்கள். நெசவுக்காரனும் சாயக்காரனும் ஒரே துணியில் கை வைத்த வேலை அது. நம் பக்கத்தில் அதைவிட உயர்ந்த பெண்கள் துணி உண்டானதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை வாங்கியது தஞ்சாவூர் மராட்டிய அரண்மனை. 1855இல் சிவாஜி ராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், வெள்ளைக்காரக் கும்பினி ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை போனபின் அந்தச் சேலையும் தேய்ந்து மறைந்தது. வேலையில் குறை வந்து அது நிற்கவில்லை, வாங்குகிற வாசல் மூடியதால் நின்றது. பழைய கருப்பூர்ச் சேலைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நெய்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நம் வீட்டுக் கதையும் வேறில்லை. தாத்தா முதலில் ஒரு முதலாளிக்குத்தான் நெய்தார். பட்டு அவருடையது, ஜரிகை அவருடையது, கூலியும் அவர் சொன்னதுதான். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கினால் அது தீரும்வரை வேறு யாருக்கும் தறியில் பாவு ஏற்ற முடியாது. 1955இல் இங்கே கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது என்றால், அந்தக் கட்டிலிருந்து வெளியே வரத்தான். தாத்தா அதில் சேர்ந்த பிறகுதான் நாங்கள் தலை நிமிர்ந்தோம். திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஊர்ப் பெயராவது துணியோடு போகிறதே என்ற சந்தோஷம் அது. உன் துணியோடு உன் பெயரே போகிறது. எனக்கும் தாத்தாவுக்கும் கிடைக்காதது அது.

இனி துணியைப் பற்றி. நீ அண்ணிக்கு அனுப்பிய கருநீல டி-ஷர்ட்டை அவள் பலமுறை துவைத்த பிறகு வாங்கிப் பார்த்தேன். பட்டு நெய்கிறவனுக்குப் பனியன் துணியில் என்ன வேலை என்று நினைக்காதே, நூல் எங்கே போனாலும் நூல்தான். எங்கள் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். உன் துணியில் ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது, எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க இன்னொரு நூல் இல்லை. நூலில் ஏற்றிய முறுக்கு, தண்ணீர் பட்டதும் பிரியப் பார்க்கும். கண்ணிகள் சாயும். இடுப்பின் பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் வயிற்றின் மேல் வந்து நிற்கும். சந்தையில் வாங்குகிற மலிவு பனியன்களில் இதைத்தான் பார்க்கிறோம். உன் சட்டையில் தையல் தைத்த இடத்திலேயே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தோள் தையலுக்குள் நாடா வைத்திருக்கிறாய், அதனால் தோள் தொங்கவில்லை. கழுத்தைச் சுற்றி வைத்த ரிப் பட்டி வாய் பிளக்கவில்லை. ஆண்கள் பனியனைச் சின்னதாக வெட்டிப் பெண்களுக்கு என்று விற்கிறார்களே, அந்த வேலையை நீ செய்யவில்லை. தோளைக் குறுக்கி, கையைக் கொஞ்சம் இறக்கி, இடுப்பில் பிடித்தும் பிடிக்காமலும் விட்டிருக்கிறாய். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குத் துண்டு போர்த்தாமல் போய்வருகிறாள். நீ 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணிதான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்ததன் பலன் அது. அவர்கள் கேட்கிற 140இல் வெளிர் நிறம் தைத்தால் உள்ளே இருப்பது தெரியும். அப்புறம் அந்தச் சட்டையை உடுத்துகிற பெண்ணுக்கு என்ன நிம்மதி இருக்கும்? லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியை வெட்டும் முன், இழுபட்டது தன் அளவுக்குத் திரும்பட்டும் என்று சுருளைப் பிரித்து ஒரு நாள் ஆறப் போடுவாய் என்று சொன்னாயே, அவசர ஆர்டரில் முதலில் போவது அந்த ஒரு நாள்தான்.

முந்திப் படங்கள் கேட்டிருந்தாய். இத்துடன் கட்டம் போட்ட தாளில் வரைந்து அனுப்புகிறேன். மயிலும் அன்னமும் நெஞ்சு முழுக்கப் போடாதே. சேலையில் அவற்றுக்கு முந்தி என்ற இடம் இருக்கிறது, டி-ஷர்ட்டில் இல்லை. சேலைக் கரையில் கூர்கூராக வருகிற ரேக்கு ஒரு வரி போதும், கை ஓரத்தில், துணியின் நிறத்திலேயே கொஞ்சம் அடர்ந்த நூலில். நிறத்துக்குக் கூறைநாட்டுச் சேலைக் கட்டங்களைப் பார். அரக்கும் மஞ்சளும் எவ்வளவு அளவோடு கலந்திருக்கின்றன!

சாயத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு கரூர்ப் பக்கம் வந்து நம் காவிரியில்தான் விழுகிறது. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறையப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அங்கிருந்த நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குப் போனது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிற பட்டறையில் கிலோவுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள் என்கிறாய். கொடு. சட்டை விலையில் சேர்த்துக்கொள், ஏன் சேர்க்கிறாய் என்று வாங்குகிறவர்களிடம் சொல். மேட்டூர் திறந்தால் அந்தத் தண்ணீரில்தான் உன் தாய்மாமன் நடவு நடுகிறார்.

கடைக்காரர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசாதே. உன் தயாரிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர முடியாது, துணி மாறாது, உன் பெயர்ப்பட்டி இருக்கும், பாதிப் பணம் துணி வாங்கும்போதே வேண்டும் என்று எழுதிக் கொடு. ஒப்புக்கொண்டால் செய். இல்லையென்றால் இப்போது உன்னிடம் நேரே வாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி நின்றாலும் இன்னொருத்தி வருவாள். அந்த ஆர்டரை விட்டதால் இரண்டு மாதம் வாடகைக்குத் திண்டாட்டம் வந்தால் என்னிடம் சொல், தீபாவளிச் சேலைக் கூலி வரவேண்டியிருக்கிறது.

அத்தைக்கு இரண்டு வேண்டுமாம், மார்பளவு 42, முழங்கை வரை கை, ஒன்று கருநீலம், ஒன்று அரக்கு. பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். சொந்தக்காரி என்று விலை குறைக்காதே. மற்றவர்களுக்கு என்ன விலையோ அதற்கு ரசீது போட்டு அனுப்பு.

அன்புடன்,
அப்பா