பாம்பன் செல்போன் கடைத் தம்பிக்கு

சின்னப்பாலம் கிராமத்தில் படகிலிருந்து இறங்கும்போது என் செல்போன் உப்புத் தண்ணீரில் விழுந்தது. போன் போனால் போகட்டும். அதற்குள் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பேசிய நான்கு மணி நேரப் பதிவு இருந்தது. நகல் எடுத்து வைக்காதது என் சோம்பேறித்தனம்தான்.

விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவது, 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு தீவுப் பக்கம் போகவே அஞ்சியது, பிறகு பெண்களே சங்கமாகக் கூடி அதிகாரிகளிடம் பேசப் போனது என எல்லாம் அதில் இருந்தன. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பாசிக் காசில் கட்டிய கதையைச் சொல்லும்போது இரண்டு முறை சிரித்தார், ஒரு முறை நிறுத்திக்கொண்டார். அந்த மௌனத்தை என்னால் திரும்ப எழுதிவிட முடியாது.

நீங்கள் போனைப் பிரித்து, துடைத்து, காயவைத்து, இரவு ஒன்பதரை வரை கடையைத் திறந்து வைத்திருந்தீர்கள். முதல் குரல் கேட்டதும் உங்கள் முகம் மாறியது. பணம் நீட்டினேன்.

"வேண்டாம் அக்கா. எங்கள் அப்பத்தாவும் பாசிக்குப் போனவர்தான். அவர் பேச்சை யாரும் எடுத்து வைக்கவில்லை."

பெயர்கூடக் கேட்காமல் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். நன்றி, தம்பி. அடுத்த முறை வரும்போது பதிவுகளின் நகல் ஒன்றை உங்களுக்கும் கொண்டுவருகிறேன்.