நிரப்பப்படாத இரண்டு கட்டங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் தாய்சேய் நலப் பணிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள எமது பிரிவில் குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) பதவி 14 மாதங்களாக வெற்றிடமாக இருப்பது தாங்கள் அறிந்ததே. மூன்று முறை எழுதினோம். 'கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பதில் வந்தது.

பேற்றுக்குப் பின் முதல் 10 நாட்களுக்குள் உத்தியோகத்தர் இருமுறை வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்பது தாங்களே வகுத்த நடைமுறை. கடந்த மார்கழியில் என் மகள் பிள்ளையோடு வீடு திரும்பியபின் எவரும் வரவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளையின் கண்வெள்ளை மஞ்சளாகி, எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. இளவெயில் காட்டினால் போய்விடும் என்ற அயலவரின் சொல்லை நம்பி மடியில் வைத்து முற்றத்தில் காத்திருந்தேன். அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது? மறுநாள் விடிய, வெள்ளம் மூடிய வீதியில் உழவு இயந்திரப் பெட்டியிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்கு நாட்கள் நீல வெளிச்சத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். "வீட்டுக்கு மிட்வைஃப் வரவில்லையா?" என்று வைத்தியர் கேட்டபோது, பதிவேட்டில் அந்த இரு வருகைகளுக்குமுரிய, வெறுமையாயிருந்த இரண்டு கட்டங்களைத்தான் காட்ட முடிந்தது.

பதில் கடமை பார்க்கும் உத்தியோகத்தரை நான் குறைகூறவில்லை. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது கணக்காக இருக்க, மூன்று பிரிவுகளை அவர் ஒரு ஸ்கூட்டரில் சுற்றுகிறார். எனவே நாம் கேட்பது ஒன்றுதான்: எமது பிரிவுக்கென்று ஒருவரை நிரந்தரமாக நியமியுங்கள்.

ஒவ்வொரு பகுதி மக்களின் நோய்த்தடுப்பு, தாய்சேய் நலப் பணிகளை ஓர் அலகாகக் கவனிக்க 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் பெருமையைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமை வாவியைக் கடப்பதற்குத்தான் இத்தனை காலம் எடுக்கிறது. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலமும் திறந்தாயிற்று, இனித் தண்ணீரைச் சாட்டாகச் சொல்லவும் வழியில்லை. பூட்டிய கிளினிக் கதவில் தாய்ப்பாலூட்டல் வாரச் சுவரொட்டி மட்டும் ஆவணியில் தவறாமல் ஒட்டப்பட்டது. அதை ஒட்ட வந்த வாகனத்தில் ஓர் இருக்கை காலியாகத்தான் இருந்தது.

சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள்க. எமது ஒழுங்கையில் மாத்திரம் மூன்று பெண்களுக்கு மாசியில் பேறு நாள் குறித்திருக்கிறது. அதற்கு முன் நிரந்தர நியமனத்தை வழங்குமாறும், அதுவரை வாரத்தில் இரு நாட்களாவது ஒருவரை அனுப்புமாறும் தயவுடன் வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
படுவான்கரையிலிருந்து ஓர் அம்மம்மா